ஒத்துக்கொள்ளச் சொன்ன பெஞ்ச் கிளார்க்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தைக் காலையில் சுற்றி வரும் ஓய்வூதியர் கூட்டம் ஒன்று உண்டு. இந்த ஆண்டுதான் நான் அதில் சேர்ந்தேன். நடப்பது கொஞ்சம், நாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வது ஜாஸ்தி. போன வாரம் கஞ்சா வழக்குகள் எங்கள் வாயில் மாட்டின.

“ஒருக்கா தண்டன வாங்குனவன் மறுபடி மாட்னான்னா பதினஞ்சு வருசத்துக்குக் கொறையாம உள்ள போடணும் மாமா. கொறைக்கிற அதிகாரமே ஜட்ஜுக்குக் குடுக்கக் கூடாது” என்றார், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர்.

“அந்தச் சட்டம் ஏற்கெனவே இருக்கு மச்சான்” என்றேன்.

“அப்புறம் என்னா? நல்ல சட்டம்தானே!”

நல்ல சட்டம்தான். இரண்டாம் தடவையைப் பற்றி ஊரே பேசுகிறது. முதல் தடவை எப்படி உண்டாகிறது என்று கேட்கத்தான் ஆளில்லை. அப்படிப்பட்ட முதல் தடவைகள் பலவற்றை என் கையால் உண்டாக்கியவன் நான். நீதிமன்றத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் அமுதாவும் தொலைபேசியில் கேட்டுவிட்டாள்: “சார், நீங்க ஒரு தடவ கோர்ட் நடக்கும்போதே எழுந்து பேசிட்டீங்களாமே, நெசமா?” நிஜம்தான். அதை ஏதோ வீரச் செயல்போல அங்கே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்று தெரிந்தது. அந்தப் பெருமையைக் கலைக்கவே இதை எழுதுகிறேன்.

தட்டச்சராகச் சேர்ந்தேன், நகல் எடுத்தேன், வழக்குக் கட்டு சுமந்தேன், பெஞ்ச் கிளார்க் ஆனேன். முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இந்த ஒரு வரி போதும். பெஞ்ச் கிளார்க் என்றால் நீதிபதிக்குக் கீழே, ஒரு படி தாழ்ந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர். வழக்கு எண்ணைக் கூப்பிடுவார், கட்டை மேலே நீட்டுவார், வாய்தா தேதி குறிப்பார். வேறு எதற்கும் வாய் திறக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு நீதிமன்றம் நடக்கும் நேரத்துக்கு மட்டும்தான். மற்ற நேரங்களில் எங்களைவிட அதிகம் பேசியவர்கள் கிடையாது.

2004இல் நான் சிதம்பரத்தில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருந்தேன். அங்கிருந்த மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், மாதாந்திர அறிக்கைக்கு. எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது என்று மேலே அனுப்பும் தாள் அது. மாதம் இருபதாம் தேதி தாண்டினால் அவருக்குச் சோறு இறங்காது. “என்னய்யா, முடிச்சது இவ்ளோதானா?” என்று என்னைப் பார்ப்பார். நான் சிறைவாசிகள் பட்டியலைப் பார்ப்பேன்.

ஒரு வழக்கை முறைப்படி நடத்தி முடிக்கச் சாட்சி வேண்டும், வக்கீல் வேண்டும், பல மாதங்கள் வேண்டும். குற்றவாளி ஒத்துக்கொண்டால் பத்து நிமிடம் போதும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சிறையிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதும் நான் தாழ்வாரத்துக்குப் போய்விடுவேன். சின்னக் கேஸாகப் பார்த்து ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: “வழக்காடுனா ஆறு மாசம் உள்ள கெடப்ப. ஒத்துக்கிட்டீன்னா இருந்த நாளையே தண்டனையா எழுதிடுவாங்க. சாயங்காலம் வூட்ல சோறு.” இதில் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். செய்தானா, செய்யவில்லையா என்று நான் கேட்டதில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். ஒத்துக்கொள்ள வைப்பதும் என் வேலை இல்லைதான். அது மட்டும் ஏனோ தோன்றவில்லை.

செல்வராசு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். அண்ணாகிராமம் பக்கத்து ஆள், பலாப்பழம் ஏற்றும் வண்டிக்கு டிரைவர். சிதம்பரத்தில் ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி வண்டி முதலாளி கொடுத்தனுப்பிய பையில் கஞ்சாப் பொட்டலங்கள் இருந்தன. சின்ன அளவுதான். பத்தொன்பது நாள் சிறையில் இருந்திருந்தான். பிறந்து பத்து நாளான இரண்டாவது குழந்தையை இன்னும் கையில் வாங்கவில்லை என்று அழுதான்.

அவனுக்கு இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் ஸ்டெல்லா. தொழிலுக்குப் புதுசு, ஆனால் கட்டைப் படித்துவிட்டு வருவார். அந்த ஒரு கெட்ட பழக்கத்தாலேயே அவரைக் கண்டால் எங்களுக்கு ஆகாது. “ஒத்துக்காதீங்க. பையில என்னா இருந்துச்சுன்னே தெரியாதுன்னு சொல்றீங்க, அத கோர்ட்ல சொல்லுங்க. இது போதைப்பொருள் சட்டம். இன்னிக்கு வாங்குற தண்டன சாவுற வரைக்கும் கூட வரும்” என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் குறுக்கே விழுந்தேன். “ஏன் மேடம் பயமுறுத்துறீங்க? இவன் என்ன கலெக்டர் பரீட்சையா எழுதப் போறான், தண்டன இருந்தா வேல போயிடும்னு கவலப்பட?”

சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். செல்வராசுவும் சிரித்தான். உள்ளே போய் ஒத்துக்கொண்டான். பத்தொன்பது நாளே தண்டனை என்று மாஜிஸ்திரேட் சொன்னார், நான் எழுதினேன். சாயங்காலம் போகும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்த மாத அறிக்கை பிரமாதமாக இருந்தது.

அப்புறம் பதவி உயர்வு வந்து கடலூருக்கு, செஷன்ஸ் வழக்குகள் நடக்கும் நீதிமன்றம் ஒன்றுக்கு வந்தேன். அங்கே எனக்கு வாய்த்த நீதிபதி மாஜிஸ்திரேட்டுக்கு நேர் எதிர். அறிக்கையை எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் பார்ப்பார். கூண்டில் நிற்பவரை “நீங்க” என்றுதான் கூப்பிடுவார். எங்களை “யோவ்”. “கொலை பண்ணாத்தான் அய்யா வாயால ஒரு வாங்க போங்க கெடைக்கும் போல” என்று நீதிபதிக்கு முன்னால் நடந்து வரும் டவாலி அலுத்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற நீதிமன்றங்களில் குற்றச்சாட்டைத் தாளைப் பார்த்துக் கடகடவென்று படித்துவிட்டு, “குற்றத்தை ஒத்துக்கிறியா?” என்று முடித்துவிடுவார்கள். இவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வாய்ச்சொல்லில் நிதானமாகச் சொல்வார். சொல்லிவிட்டு, “இப்ப நான் என்ன சொன்னேன்னு நீங்க திருப்பிச் சொல்லுங்க” என்பார். பாதிப் பேருக்குத் திருப்பிச் சொல்ல வராது. மறுபடி சொல்வார். ஒத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் தண்டனை எவ்வளவு என்று விளக்குவார், அரை மணி நேரம் வெளியே அனுப்பி யோசிக்கச் சொல்வார், திரும்ப வந்ததும் இன்னொரு முறை கேட்பார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்க வைப்பதைப்போல இது என்ன கூத்து என்று நாங்கள் பின்னால் சிரித்தோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

2009இல் ஒரு கட்டு வந்தது. மேல்பட்டாம்பாக்கம் தாண்டி வண்டிச் சோதனை. பலாப்பழ லோடுக்கு அடியில் கஞ்சா மூட்டை, இருபத்து நான்கு கிலோ. டிரைவர் கைது. வண்டி முதலாளி தலைமறைவு. கட்டின் கடைசியில் ‘பழங்குற்றவாளி’ என்று தலைப்பிட்ட மனுவும், பழைய தண்டனையின் சான்று நகலும் இருந்தன. நகலைப் பிரித்ததும் கையெழுத்து அடையாளம் தெரிந்தது. மாஜிஸ்திரேட் சொல்லச் சொல்ல 2004இல் நான் எழுதியது. டிரைவர் பெயர் செல்வராசு.

இருபது கிலோவுக்கு மேல் போனால் அது வணிக அளவு. குறைந்தது பத்தாண்டு. நீதிபதி மனம் இரங்கினாலும் ஒரு நாள் குறைக்க முடியாது. முன்பே இந்தச் சட்டத்தில் தண்டனை வாங்கியவன் என்றால் அதில் பாதியைச் சேர்த்துப் பதினைந்து என்பது அரசு வக்கீல் போட்ட கணக்கு. பழைய தண்டனை சின்ன அளவுக்குத்தானே, அதை இதோடு சேர்க்கலாமா என்று வாதாட இடம் இருந்தது. இடம் இருந்து என்ன செய்ய? வாதாட வேண்டுமானால் முதலில் வழக்கு நடக்க வேண்டும்.

பழைய தண்டனை விவரம், இப்போதைய குற்றம் முடிவாகும்வரை நீதிபதிக்குத் தெரியக் கூடாது என்பது விதி. மனம் சாய்ந்துவிடுமாம். ஆகவே அந்த மனுவை உறையில் போட்டு ஒட்டி என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதே விவரத்தை அதே நீதிபதியிடம் ஜாமீன் மனுவின்போது அரசு வக்கீல் மூன்று முறை தொண்டை கிழியச் சொல்லி ஜாமீனைத் தடுத்திருந்தார். இருந்தாலும் உறை உறைதான். நாங்கள் விதியை மீறுகிறவர்கள் இல்லை.

குற்றச்சாட்டுப் பதிவு நாள் வந்தது. சட்ட உதவியில் அவனுக்குக் கொடுத்திருந்த பெரிய வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருந்தார். வந்திருந்தாலும் கட்டைப் பிரித்திருக்க மாட்டார். செல்வராசு கூண்டில் ஏறியதும் என்னைப் பார்த்தான். முகமெல்லாம் வெளிச்சம். ஊர்த் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாமனைக் கண்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. நான் தலையைக் குனிந்து கட்டைப் புரட்டினேன்.

நீதிபதி வழக்கம்போலத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார். “திருப்பிச் சொல்லுங்க.”

“வண்டில கஞ்சா இருந்துச்சுங்க. நான் ஓட்டிகினு வந்தேன். ஒத்துக்கிறேங்கய்யா.”

அரசு வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வணிக அளவு வழக்கு ஒன்று சாட்சியே இல்லாமல் முடிவது என்பது குதிரைக் கொம்பு.

“ஒத்துக்கிட்டா கொறைஞ்சது பத்து வருசம். என்னால கொறைக்க முடியாது. அதுக்கு மேலயும் ஆகலாம். தெரியுமா?” என்றார் நீதிபதி.

“தெரியுங்கய்யா” என்றான் செல்வராசு, சிரித்துக்கொண்டே. பத்து வருடத்துக்கு அப்படிச் சிரித்த ஒருவனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

“வெளிய போய் அர மணி நேரம் யோசிச்சுட்டு வாங்க.”

நான் பின்னாலேயே ஓடினேன். ஐந்து வருடம் கழித்து அதே மாதிரி தாழ்வாரம், அதே ஆள், அதே நான். “யோவ் செல்வராசு, ஒத்துக்காதய்யா. பழசு மாதிரி இல்ல இது. பத்து வருசம்னு சொன்னாரே, அது நெசம். பழைய தண்டனையச் சேத்தா பதினஞ்சு. உன் புள்ளைங்க கல்யாணத்துக்குக் கூட இருக்க மாட்ட.”

அவன் என் பக்கம் சாய்ந்தான். இரண்டு பக்கமும் நின்ற போலீஸ்காரர்களை ஓரக்கண்ணால் காட்டினான். “புரியுது சார். இவுங்க நிக்கும்போது நீங்க வேற எப்படிச் சொல்ல முடியும்? அன்னிக்கு அந்த வக்கீலம்மா கூட இப்படித்தான் பயமுறுத்துனாங்க. நீங்கதான சார் அன்னிக்கு என்னய வூட்டுக்கு அனுப்புனீங்க? உங்க பேச்சத்தான் கேப்பேன்.” சொல்லிவிட்டுக் கண்ணடித்தான்.

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. குரலை உயர்த்தினேன், கெஞ்சினேன், என் மகள் மேல் சத்தியம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் அவன் இன்னும் நம்பிக்கையோடு தலையாட்டினான். நான் உண்மை சொல்வது அவனுக்குப் பொய் சொல்வதுபோலவே தெரிந்தது. பொய்யை அத்தனை நேர்த்தியாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மறுபடி உள்ளே. “யோசிச்சீங்களா?”

“யோசிச்சுட்டேங்கய்யா. ஒத்துக்கிறேன்.”

“முழு மனசோடயா?”

“ஆமாங்க.”

நீதிபதி பேனாவின் மூடியைக் கழற்றினார். எனக்கு ஓய்வு பெற மூன்று வருடமும் சொச்சமும் இருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. எல்லாம் விதிப்படிதான் நடந்துகொண்டிருந்தது: கேட்டார், விளக்கினார், நேரம் கொடுத்தார், மறுபடி கேட்டார். பேனா தாளைத் தொடும்வரை நான் உட்கார்ந்துதான் இருந்தேன். இதை அமுதா தெரிந்துகொள்ள வேண்டும். முதல் எழுத்து விழுந்த பிறகுதான் எழுந்தேன்.

“அய்யா, ஒரு வார்த்த.”

டவாலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீதிபதி என்னைப் பார்த்தார். “என்னய்யா?”

“இவரு அர்த்தம் புரிஞ்சு சொல்லல. ஒத்துக்கிட்டா சாயங்காலம் வூட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சிகினு இருக்காரு.”

“ஒமக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான்யா சொல்லிக் குடுத்தேன். சிதம்பரத்துல, முன்னாடி ஒரு கேஸ்ல.”

அரசு வக்கீல் எழுந்து, கிளார்க்குக்கு இங்கே என்ன வேலை என்று ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபணைதான். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு செல்வராசு பக்கம் திரும்பினார். “நீங்க ஒத்துக்கிட்டா அப்புறம் என்ன நடக்கும்னு நெனைக்கிறீங்க? அதச் சொல்லுங்க.”

செல்வராசு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “இருந்த நாளோட வுட்டுடுவீங்க” என்றான். பிறகு, நான் மாட்டிக்கொண்டேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கைகூப்பி, “இந்த அய்யா மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க. ரொம்ப நல்லவரு” என்றான்.

நீதிபதி எழுதியதை அடித்தார். ‘குற்றத்தை மறுக்கிறார், விசாரணை கோருகிறார்’ என்று எழுதினார். செல்வராசு முகத்தில் இருந்த வெளிச்சம் அப்போதுதான் அணைந்தது.

சாயங்காலம் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். “எத்தன பேருக்குய்யா இப்படிச் சொன்னீரு?” என்று மட்டும் கேட்டார்.

“ஞாபகம் இல்லீங்கய்யா.”

“எனக்குக் கணக்கு வேணாம். உமக்காவது ஞாபகம் இருக்கணும்ல?”

விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நின்றது. அதைத் தண்டனை என்று சொல்ல எனக்கே கூச்சம்.

ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசியில் பேசி வழக்கை எடுக்கும்படி கேட்டேன். “ஏன் சார், கலெக்டர் பரீட்ச எழுதப் போறாரா?” என்றார். வாங்கிக்கட்டிக்கொண்டேன். மறுநாளே வந்து வக்காலத்துப் போட்டார்.

வழக்கு இரண்டு ஆண்டு நடந்தது. ஜாமீன் கடைசிவரை இல்லை, காரணம் அந்தப் பத்தொன்பது நாள். மூட்டையைச் சாலையில் வைத்துத் தன் கண் முன்னால் எடை போட்டார்கள் என்று கையெழுத்திட்ட சாட்சி, ஸ்டெல்லா கேட்ட நாலாவது கேள்வியில், மறுநாள் டீக்கடையில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டார். மூட்டையை ஏற்றியது முதலாளியின் ஆட்கள் என்பதும் வெளியே வந்தது. 2011இல் செல்வராசு விடுதலை. என் இழுப்பறையில் இருந்த உறையைப் பிரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

தீர்ப்பு நாளன்று ஸ்டெல்லா எங்கள் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். நான் வெளியே போனேன். செல்வராசு வேப்ப மரத்தடியில் நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி ஜெயக்கொடி மட்டும் என்னிடம் வந்தார்.

“அன்னிக்கு இவரு ஒத்துக்கிறேன்னு சொன்னப்ப நீங்கதான சார் எழுந்து தடுத்தீங்க?”

“ஆமாம்மா.”

“ஒத்துக்க வுட்டிருந்தா போன தடவ மாதிரி அன்னிக்கே வூட்டுக்கு வந்திருப்பாரு. முழுசா ரெண்டு வருசம் உள்ள வச்சுட்டீங்களே சார். பெரிய பொண்ணு பத்தாவதோட நின்னு முந்திரிக் கொட்ட ஒடைக்கப் போவுது. நாங்க உங்களுக்கு என்னா பாவம் பண்ணோம்?”

வணிக அளவு, பத்தாண்டு, பாதி சேர்த்தால் பதினைந்து எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன. அந்த அம்மாவுக்கு நீதிமன்றம் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதை 2004இல் அவர் புருஷன் மூலம் வீட்டுக்கு அனுப்பி வைத்தவன் நான். அவர் அழவில்லை, பதில் வேண்டும் என்று நின்றார். பண்ருட்டிப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று செல்வராசு தூரத்திலிருந்து கூப்பிட்டான்.

“தப்பு என்னுதுதாம்மா” என்றேன்.

எதை ஒத்துக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.